காப்பிக்கொட்டையை வீட்டில் வறுப்பது: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பில்டரில் டிகாஷன் இறங்கும் விதத்தைப் பற்றி எழுதும்போது, வீட்டில் வறுத்த கொட்டையின் மணம் கடைப்பொடிக்கு வருவதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். தாமிரபரணியின் இரு கரைகளிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியையே பிடித்துக்கொண்டிருந்ததால், இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியார் காலத்தில் காப்பிக்கொட்டை வறுப்பதற்கென்றே கைப்பிடி வைத்த இரும்பு உருளை ஒன்று இருந்தது. கரியடுப்பின் மேல் வைத்து அதைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பழைய இரும்புக்காரரிடம் அது போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது என்னிடம் இருப்பது கேஸ் அடுப்பும் கனமான இரும்புச் சட்டியும்தான். இவற்றை வைத்துக்கொண்டு வறுக்க முடியுமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. உருளை செய்த வேலை இரண்டுதான்: கொட்டையை ஓரிடத்தில் நிற்கவிடாமல் புரட்டியது, சூட்டை வெளியே போகவிடாமல் உள்ளே வைத்துக்கொண்டது. முதல் வேலையை உங்கள் கையும், இரண்டாவது வேலையைச் சட்டியின் கனமும் பார்த்துக்கொள்ளும். ஒரு முறைக்கு இருநூறு கிராமுக்கு மேல் போடாதீர்கள். சட்டி பெரியதாக இருக்கிறதே என்று அரைக் கிலோவைக் கொட்டினால், அடியில் இருப்பது கருகும்போது மேலே இருப்பது பச்சையாகவே இருக்கும்.

சட்டியை நடுத்தரத் தீயில் காயவைத்து, கொட்டையைப் போட்டது முதல் மரத்துடுப்பால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டே இருங்கள். பச்சைக் கொட்டையில் பத்து முதல் பன்னிரண்டு சதவீதம் வரை ஈரம் இருக்கும். அந்த ஈரம் போகும்வரை முதல் ஐந்தாறு நிமிடங்களுக்குப் பெரிதாக எதுவும் நடக்காததுபோலத் தோன்றும். வைக்கோலின் மணம்தான் வரும். பலர் பொறுமை இழந்து தீயைக் கூட்டுவது இந்த இடத்தில்தான், வறுவல் கெடுவதும் இங்கேதான். பச்சை நிறம் மஞ்சளாகி, மஞ்சள் இளம்பழுப்பாகி, வைக்கோல் மணம் மாறி ரொட்டி சுடுகிற மணம் வரும்போது, கொட்டைக்குள் இருக்கும் சர்க்கரையும் புரதக் கூறுகளும் சேர்ந்து நிறத்தையும் சுவையையும் உண்டாக்கத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம்.

பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில், கொட்டையின் சூடு 195 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற வேளையில், சோளப்பொரி பொரிவதைப்போலப் பட்பட்டென்று சத்தம் கேட்கும். உள்ளே ஆவியும் கரியமில வாயுவும் சேர்ந்து கொட்டையைப் பிளக்கிற சத்தம் அது. இதை முதல் வெடிப்பு என்பார்கள். கொட்டை அப்போது உப்பிப் பெரிதாகும். மேல்தோல் உரிந்து பறக்கும். சத்தம் கேட்டவுடன் தீயை ஒரு படி குறைத்துவிட வேண்டும். முதல் வெடிப்பு ஓய்ந்தபின் ஓரிரு நிமிடம் அமைதியாக இருக்கும். அதன்பின் 225 டிகிரியை ஒட்டி, காய்ந்த சுள்ளி முறிவதுபோன்ற மெல்லிய, நெருக்கமான சத்தம் ஒன்று தொடங்கும். இதுதான் இரண்டாம் வெடிப்பு. எண்ணெய் கொட்டையின் மேல் கசிய ஆரம்பிப்பதும் இதை ஒட்டித்தான். பால் சேர்த்துக் குடிக்கிற நம் ஊர் பில்டர் காப்பிக்கு, இரண்டாம் வெடிப்பின் முதல் சில சத்தங்கள் கேட்பதற்குச் சற்று முன்னால் இறக்குவது என் கணக்கு. நிறத்தைப் பார்த்து இறக்குகிறவர்கள் சமையலறை விளக்கின் வெளிச்சத்துக்கு ஏமாந்துபோவார்கள். காதை நம்புங்கள், அந்த நேரத்தில் மிக்ஸியோ தொலைக்காட்சியோ ஓட வேண்டாம்.

அடுத்த வேலையை அடுப்பை அணைப்பதற்கு முன்பே ஆயத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். இரும்புச் சட்டி அணைத்த பிறகும் நெடுநேரம் சூடாகவே இருக்கும் என்பதால், கொட்டையை அதிலேயே விட்டால் அது உங்களைக் கேட்காமல் மேலும் வறுபடும். வேண்டிய பக்குவத்துக்கு அரை நிமிடம் முன்பே, அகலமான எவர்சில்வர் அரிப்பில் கொட்டி, மேசை விசிறிக்கு முன்னால் இன்னொரு அரிப்புக்கு மாற்றி மாற்றிக் கொட்டுங்கள். மூன்று நான்கு நிமிடங்களில் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பின் சுளகில் போட்டுப் புடைத்தால் தோல் எல்லாம் போய்விடும். நம் வீடுகளில் சுளகு இன்னும் மிச்சமிருப்பது இதற்காகவாவது பயன்படட்டும்.

கேள்வி: நான் வறுத்த கொட்டை வெளியே நல்ல கறுப்பாக இருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிறியிருந்தது. டிகாஷன் கசப்பாகவும் இருந்தது, புளிப்பாகவும் இருந்தது. ஏன்?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: தீ அதிகம். உள்ளே சூடு போய்ச் சேர்வதற்கு முன் மேல்புறம் தீய்ந்துவிட்டது. அடுத்த முறை தீயைக் குறைத்து, முதல் வெடிப்பு பத்து நிமிடத்துக்கு முன்னால் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தீயை மிகவும் குறைத்து அரை மணி நேரம் இழுத்தால் வெடிப்பே சரியாகக் கேட்காது. மணமற்ற, சப்பென்ற பொடிதான் கிடைக்கும்.

கேள்வி: அண்ணாச்சி, பிள்ளைகளுக்காக வாங்கிய மின்சாரப் பாப்கார்ன் இயந்திரம் பரணில் கிடக்கிறது. அதில் காப்பிக்கொட்டை வறுக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், பெயின்ட் உரிக்கிற ஹீட் கன்னே போதும் என்கிறார். எதை நம்புவது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான் தம்பி, சில நிபந்தனைகளோடு. பாப்கார்ன் இயந்திரம் சூடான காற்றை ஊதிக் கொட்டையைச் சுழற்றுகிற வகையாக இருக்க வேண்டும். எண்ணெய் விட்டுப் பொரிக்கிற வகை உதவாது. உள்ளே எட்டிப் பாருங்கள். சூடான காற்று கிண்ணத்தின் பக்கச் சுவரிலுள்ள சாய்வான துளைகள் வழியாக வந்தால், கொட்டை வட்டமாகச் சுழலும்; அது சரி. அடியில் வலை இருந்து அதன் வழியாகக் காற்று மேலே வருகிற அமைப்பாக இருந்தால், உரிந்த தோல் வலை வழியே சூட்டுக்கம்பியின் மேல் விழுந்து தீப்பற்றக்கூடும் என்பதால் அதைத் தொட வேண்டாம்.

எண்பது முதல் நூறு கிராமுக்கு மேல் அதில் சுழலாது. ஐந்தாறு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும் என்பதால் நகராமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தோல் பறந்து வீடெங்கும் விழும். வாய்ப்பகுதியைப் பெரிய பாத்திரத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். இந்த இயந்திரங்கள் சோளத்துக்காகச் சில நிமிடங்கள் மட்டும் ஓடும்படி செய்யப்பட்டவை. அடுத்தடுத்து வறுக்காமல், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் முழுதும் ஆறவிடுங்கள். 1200 வாட் இயந்திரம் ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் மெல்லிய நீட்டிப்பு ஒயரில் மாட்டக் கூடாது. மாலையில் எல்லோரும் விளக்குப் போடுகிற நேரத்தில் மின்னழுத்தம் இறங்கினால் அன்றைய வறுவல் நீளும்; காலையில் வந்த நேரக்கணக்கை மாலையில் நம்ப முடியாது.

ஹீட் கன்னைப் பொறுத்தவரை, ஏற்கெனவே பெயின்ட் உரிக்கப் பயன்படுத்தியதை உணவுப் பொருள் பக்கம் கொண்டுவராதீர்கள். புதிதாக வாங்கினால், கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் கொட்டையைப் போட்டு, ஒரு கையால் காற்றைப் பாய்ச்சி, மறு கையால் கிளறிக்கொண்டே இருக்கலாம். ஹீட் கன்னை அருகே கொண்டுபோனால் சூடு கூடும், விலக்கினால் குறையும். தீயைத் திருகுவதைவிட இது நுட்பமான கட்டுப்பாடு. கொட்டையின் ஒவ்வொரு மாற்றமும் கண்ணுக்கு முன்னால் நடக்கும். தொழில்முறைக் கருவி எதுவும் வாங்காமல் வறுவலைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு என் முதல் பரிந்துரை இரும்புச் சட்டி, இரண்டாவது இது, பாப்கார்ன் இயந்திரம் மூன்றாவதுதான்.

கேள்வி: பழைய உருளையைப்போல ஒன்றைப் புதிதாகச் செய்துகொள்ள ஆசை. தகரவேலை செய்கிற பட்டறையில் கேட்டபோது ஜி.ஐ. தகட்டில் மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னார்கள். பெரிய பிஸ்கட் டின்னிலும் செய்யலாம் என்றார்கள். சரிவருமா? எங்கள் வீட்டில் ஈயம் பூசிய பித்தளை உருளியும் இருக்கிறது.
– வாசகர், பேட்டை

பதில்: மூன்றும் வேண்டாம். ஜி.ஐ. தகட்டின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. நேரடித் தீயில் அது புகையும்; அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிரும் காய்ச்சலும் வரும் என்பதை வெல்டிங் வேலை செய்கிற எவரையும் கேட்டால் சொல்வார்கள். பிஸ்கட் டின்னில் உள்ளும் புறமும் வார்னிஷும் அச்சு மையும் இருக்கும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயமோ 232 டிகிரியில் உருகிவிடும். காப்பி வறுக்கிற பாத்திரத்தின் அடி அந்தச் சூட்டை எளிதில் தாண்டும். ரசம் வைக்க உகந்த ஈயப்பூச்சு வறுவலுக்கு உகந்ததன்று. இதே காரணத்தால் நான்ஸ்டிக் சட்டிகளையும் ஒதுக்குங்கள். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும்.

பூச்சில்லாத இரும்புத் தகடும் எவர்சில்வரும்தான் வேண்டியவை. நல்ல கனமுள்ள எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்றை எடுத்து, அடிப்பக்கமும் மூடியும் நடுவில் துளையிட்டு ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, கம்பி தனியாகச் சுழலாதபடி இறுக்கிவிட்டால் உருளை ஆயிற்று. உட்சுவரில் விரலகலத் தகட்டுத் துண்டுகள் மூன்றை நீளவாக்கில் பற்றவைக்கச் சொல்லுங்கள். அவை இல்லாவிட்டால் கொட்டை அடியில் சறுக்கிக்கொண்டே கிடக்கும், புரளாது. ஆவியும் புகையும் வெளியேற, கொட்டை விழாத அளவில் சிறு துளைகள் தேவை. ஒரு துளையை மட்டும் சற்றுப் பெரிதாக வைத்து மரத்தக்கையால் அடைத்துக்கொண்டால், நடுவில் சில கொட்டைகளை எடுத்துப் பார்க்க உதவும். உருளையின் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

கையால் சுற்றச் சலிப்பாக இருந்தால், பழைய காரிலிருந்து கழற்றிய பன்னிரண்டு வோல்ட் வைப்பர் மோட்டார் இதற்கு மிகப் பொருத்தம். நிமிடத்துக்கு ஐம்பது சுற்றை ஒட்டிய அதன் வேகமே போதும். மோட்டார் தீக்கு அருகில் இல்லாதபடி கம்பியை நீளமாக வையுங்கள். உருளையில் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டியில் சில முறை வறுத்து, எந்தச் சத்தம் எந்த மணத்தோடு வருகிறது என்பது பழகிய பிறகு பட்டறைக்குப் போவதே நல்லது.

கேள்வி: காருகுறிச்சி மண்சட்டியில், வேர்க்கடலை வறுப்பதுபோல மணல் போட்டு வறுத்தால் சீராக வரும் அல்லவா?
– வாசகி, வீரவநல்லூர்

பதில்: நிறம் சீராக வரும்; ஆனால் கொட்டையின் நடுக்கோட்டுப் பிளவில் மணல் ஏறிக்கொள்ளும். கடலைக்குத் தோலை உரித்துவிடுகிறோம், இதற்கு அந்த வழியில்லை. அரைக்கும்போது பிளேடும் போகும், பல்லும் போகும். மணல் இல்லாமல் மண்சட்டியில் வறுக்கலாம்தான். மண் தாமதமாகச் சூடேறி, தாமதமாகவே சூடு தணியும். வெடிப்பு வந்தபின் தீயைக் குறைத்தால் உடனே கேட்காது. பழகிய கைக்கு அது சரிப்படும்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். புகையால் பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். மொட்டைமாடியில் வறுத்தால் என்ன?
– வாசகர், பெருமாள்புரம்

பதில்: ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் மொட்டைமாடியில் அடுப்புச் சூடு நிலைக்காது. தீ ஒருபக்கம் சாய்ந்து, வறுவல் இழுத்துக்கொண்டே போகும். கைப்பிடிச் சுவரின் மறைவில், மூன்று பக்கம் தகடு வைத்து மறைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். தனி வீட்டில் இருப்பவர்களுக்குப் புறவாசலே உத்தமம். கரியடுப்பு வைத்திருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் அடைத்த அறைக்குள் வறுக்கக் கூடாது. கரி விடுகிற கார்பன் மோனாக்சைடு மணமில்லாதது, உயிரைக் குடிப்பது.

சட்டிக்குள் கொட்டை தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, சட்டிக்குப் பொருந்துகிற மூடியால் மூடி, காற்றில்லாமல் செய்யுங்கள். அந்த மூடி வறுக்கத் தொடங்கும் முன்பே கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: பச்சைக் கொட்டை வாங்கப் போனால் ப்ளான்டேஷன், பீபெரி, செர்ரி, ரொபஸ்டா என்று கடைக்காரர் அடுக்குகிறார். எதை வாங்குவது? எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?
– வாசகி, தென்காசி

பதில்: பழத்தின் சதையை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகாவை நம் நாட்டுக் காப்பி வணிகத்தில் ப்ளான்டேஷன் என்கிறார்கள். பழத்தோடு அப்படியே உலரவைத்துத் தோல் நீக்கியது செர்ரி. செர்ரியில் மெல்லிய தோல் அதிகம் ஒட்டியிருக்கும் என்பதால் வறுக்கும்போது குப்பையும் புகையும் கூடும். புதிதாக வறுக்கிறவர்களுக்கு ப்ளான்டேஷனே தொல்லை குறைந்தது. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு கொட்டை விளைய வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் விளைந்து உருண்டையாக இருப்பது. கடைக்காரர்கள் அதை ஏதோ தனிச்சாதிபோல விலை சொல்வார்கள். சுவையில் அவர்கள் சொல்கிற அளவுக்கு வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரும்புச் சட்டியில் வறுப்பவர்களுக்கு அதில் ஒரு லாபம் உண்டு: உருண்டையாக இருப்பதால் தானே புரளும். தட்டைக் கொட்டை தன் தட்டைப்பக்கத்தைச் சட்டியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கருக முயலும்.

ரொபஸ்டாவில் காபீன் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. கசப்பும் கனமும் தருவது அது. விருப்பமிருந்தால் நான்கில் ஒரு பங்கு சேர்க்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் பக்குவமாகாது என்பதால் தனித்தனியே வறுத்துப் பிறகு கலக்க வேண்டும். நாட்டின் காப்பியில் பெரும்பங்கு கர்நாடகத்திலிருந்து வந்தாலும், ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, பழனிமலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற இடங்களில் விளைவதில் பெரும்பாலும் நல்ல அராபிகா உண்டு. கேட்டு வாங்குங்கள்.

அராபிகா அறுவடை கார்த்திகையை ஒட்டித் தொடங்கித் தை வரை நடக்கும். பதப்படுத்திக் கடைக்கு வரப் பங்குனி ஆகிவிடும். அப்போது வாங்கிய பச்சைக் கொட்டையைத் துணிப்பையிலோ சணல்பையிலோ கட்டி, தரையில் படாமல் உலர்ந்த இடத்தில் வைத்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். உங்கள் ஊரில் சாரல் நாட்களில் சுவரே ஈரம் கோர்க்கும் என்பதால் அந்த மாதங்களில் மட்டும் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். பூசணம் பிடித்த கொட்டையை வறுத்துச் சரிசெய்ய முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி: வறுத்தவுடன் சுடச்சுட அரைத்துப் போட்டேன். பில்டரில் நுரைத்துக்கொண்டு டிகாஷன் இறங்கவே இல்லை. இறங்கியதும் சாரமில்லாமல் இருந்தது. வறுவலில் குற்றமா?
– வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: வறுவலில் குற்றமில்லை, அவசரத்தில்தான் குற்றம். வறுத்த கொட்டைக்குள் நிறையக் கரியமில வாயு தங்கியிருக்கும். உடனே அரைத்து வெந்நீர் ஊற்றினால், அந்த வாயு பொங்கி, நீர் பொடிக்குள் இறங்க விடாமல் தடுக்கும். குறைந்தது ஒரு நாள் விடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை நன்றாக இருக்கும். முதல் நாளில் டப்பாவின் மூடியை இறுக்க வேண்டாம், அதன்பின் இறுக்கிவிடலாம். அரைப்பதை மட்டும் அன்றன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் அரைக்கிறவர்கள் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் பொடி சூடேறி மணம் ஜாரிலேயே போய்விடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பால் கிடையாது, உடன்குடிக் கருப்பட்டி போட்ட கட்டங்காப்பிதான். அதற்கு எந்த வறுவல்?
– வாசகர், திசையன்விளை

பதில்: இரண்டாம் வெடிப்பு நன்றாகத் தொடங்கி, கொட்டையின் மேல் எண்ணெய் மின்னத் தொடங்குகிற பக்குவம். கருப்பட்டிக்கே தனிச்சுவையும் மணமும் இருப்பதால் இளம் வறுவல் அதற்குள் காணாமல் போய்விடும். இளம் வறுவலின் புளிப்பும் கருப்பட்டியும் ஒத்துப்போவதுமில்லை. இங்கே ரொபஸ்டாவை அரைக்கு அரை சேர்த்தாலும் தவறில்லை. சுக்கு தட்டிப்போடுகிற வீடாக இருந்தால் காப்பிக்கொட்டையின் நுட்பத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: வறுத்து இறக்கும்போது ஒரு கரண்டி நெய் விட வேண்டும் என்று என் ஆச்சி சொல்வாள். சரிதானா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அன்றைக்கே அரைத்து இரண்டொரு நாளில் தீர்த்துவிடுகிற வீட்டில் மணமாகத்தான் இருக்கும். வாரக்கணக்கில் வைத்தால் நெய் காறிப்போய்க் கொட்டையையும் கெடுக்கும். நான் விடுவதில்லை, ஆச்சியின் நினைவுக்காக ஒரு பிடிக் கொட்டையில் மட்டும் செய்து பாருங்கள்.

கேள்வி: சிக்கரியையும் வீட்டிலேயே வறுக்கலாமா?
– வாசகர், முக்கூடல்

பதில்: வேண்டாம். அது வேர், வெட்டி, உலர்த்தி, வறுத்து வருவதை வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் காப்பி–சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த எல்லை வரை சிக்கரியை ஏற்றித் தருகிற பொடிகளும் உண்டு. வீட்டில் வறுத்த கொட்டைக்கு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து சிக்கரி போதும். அதற்கு மேல் போட்டால் இவ்வளவு பாடுபட்டு வறுத்ததற்குப் பொருளில்லை.

கேள்வி: இதனால் காசு மிச்சமாகுமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: அதிகமாக எதிர்பார்க்காதீர்கள். ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தபின் ஏறக்குறைய 850 கிராம்தான் தேறும், கறுக்க வறுத்தால் இன்னும் குறையும். கேஸ் செலவும் உங்கள் நேரமும் தனி.

கேள்வி: தை மாதம் மகளின் கல்யாணம். பந்திக் காப்பிக்கு நானே ஐந்து கிலோ வறுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
– வாசகர், களக்காடு

பதில்: இருநூறு கிராம் சட்டியில் அது இருபத்தைந்து தடவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக வரும். நல்ல ப்ளான்டேஷனைப் பார்த்து வாங்கி, வறுத்து அரைத்துத் தருகிற கடையில் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னதாக, எதிரில் நின்று வறுக்கச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டாருக்கு முதல் நாள் மாலையில் கொடுக்கிற காப்பிக்கு மட்டும் உங்கள் கையால் வறுத்த கால் கிலோ இருக்கட்டும்.